5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்: ரயில் போனதுக்கப்புறம் தக்காகி ஏன் சிரிச்சான்?

'5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்'ங்கற ஜப்பான் அனிமே (அனிமேஷன்) படத்த பாத்தவங்க ரெண்டு பேர் சேந்தா பேச்சு நேரா கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு தான் போகும். லெவல் கிராசிங்ல ஹீரோ தக்காகி நடந்து வர்றான், எதிர்ல ஒரு பொண்ணு வர்றா, தண்டவாளத்துக்கு நடுவுல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கடந்து போறாங்க, அந்தப் பக்கம் போய் இவன் திரும்புறான், அவளும் திரும்புற மாதிரி இருக்கு, அதுக்குள்ள ரயில் வந்து மறைச்சிடுது. ஒண்ணு போனதும் இன்னொண்ணு. ரெண்டும் போய் முடிஞ்சு பாத்தா அங்க யாரும் இல்ல. இவன் லேசா சிரிச்சுட்டு திரும்பி நடக்குறான், படம் முடிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு அவனோட சின்ன வயசு தோழி அக்காரி தானா? அவ ஏன் நிக்கல? இவன் எதுக்கு சிரிச்சான்? 2007 மார்ச்ல ஜப்பான்ல ரிலீஸான படம், மொத்தமே 63 நிமிஷம் தான், இத்தன வருஷம் கழிச்சும் இந்தக் கேள்விக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்லிட்டு தான் இருக்காங்க.

இனிமே எழுதுறது முழுக்க ஸ்பாய்லர் தான். பாக்காதவங்க தயவுசெஞ்சு பாத்துட்டு வந்து படிங்க. எனக்கு ரொம்ப புடிச்ச அனிமே படங்கள்ல இது ஒண்ணு, ஆனா இதப் பத்தி நடக்குற விவாதத்துல எல்லாரும் ஒரு விஷயத்த கலந்து கட்டிடுறாங்கன்னு தோணுது. இந்தப் படத்துல வேணும்னே சொல்லாம விட்டது கொஞ்சம் இருக்கு, சொல்ல எடம் பத்தாம விட்டுப் போனதும் கொஞ்சம் இருக்கு. முதல் வகை தான் இந்தப் படத்தோட உயிரு. ரெண்டாவது வகை குறை தான், அதையும் சேத்து வச்சு ஆழம்னு கொண்டாட வேண்டியதில்ல.

படம் மூணு பாகம். மக்கோட்டோ ஷின்காய் எழுதி டைரக்ட் பண்ணது. முதல் பாகத்துல தக்காகியும் அக்காரியும் டோக்கியோல ஒரே ஸ்கூல்ல படிக்கிற பசங்க, ரெண்டு பேருக்குமே அடிக்கடி ஊர் மாத்துற வீடு, ரெண்டு பேருக்குமே கிரவுண்ட விட லைப்ரரி தான் புடிக்கும். அப்புறம் அக்காரி தொச்சிகிக்கு போயிடுறா, லெட்டர் போட்டுக்குறாங்க, அடுத்து தக்காகி குடும்பம் தெற்க ககோஷிமா பக்கம் போகப் போகுதுன்னு தெரிய வருது. அவ்ளோ தூரம் போயிட்டா நெனச்சப்பல்லாம் பாக்க முடியாது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ ரயில் ஏறி அவளப் போய் பாத்துட்டு வரலாம்னு முடிவு பண்றான். மார்ச் 4, சாயங்காலம் ஏழு மணிக்கு அவ ஊருகிட்ட இருக்குற இவாஃபுனே ஸ்டேஷன்ல.

அந்த ரயில் பயணம் தான் முதல் பாகத்தோட முக்கியமான பகுதி. ஷிஞ்சுக்குல ஏறி, ஓமியால மாறி, ஓயமால மாறி போகணும், பனி கொட்டுது, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் வண்டி நின்னு நின்னு போகுது, ஒரு கட்டத்துல சுத்தி ஒண்ணுமே இல்லாத வெட்டவெளில நின்னே போயிடுது. தொண்ணூறுகள்ல நடக்குற கத, அந்த வயசு பசங்க கையில போன் கிடையாது, லேட்டாகும்னு சொல்ல வழியே இல்ல. அவன் மணி பாக்குறான், சும்மா உக்காந்திருக்கான், அழுகைய அடக்கிட்டு தயவுசெஞ்சு நீ வீட்டுக்குப் போயிருன்னு மனசுக்குள்ள கெஞ்சுறான். நடுவுல அவளுக்குன்னு எழுதி வச்ச லெட்டர் காத்துல பறந்து போயிடுது. நான் பாத்த ரயில் சீன்லயே இவ்ளோ நெஞ்ச இறுக்குனது வேற இல்ல, இத்தனைக்கும் ஒரு ஆபத்தும் இல்ல, ஒரு வில்லனும் இல்ல, வெறும் லேட் தான்.

அவன் போய் சேர்றப்ப ராத்திரி பதினொண்ணு தாண்டிடுச்சு. வெயிட்டிங் ரூம்ல அடுப்பு பக்கத்துல அவ தனியா தல குனிஞ்சு உக்காந்திருக்கா. இவன் பேர் சொல்லி கூப்பிடுறான். அவ எழுந்து ஓடி வந்து கட்டிப்புடிக்கல, வசனம் பேசல, கைய நீட்டி இவன் கோட்ட இறுக்கிப் புடிச்சுட்டு அழறா, அவ்ளோ தான். அப்புறம் அவ கொண்டு வந்த டீய குடிக்கிறாங்க, அவளே செஞ்ச சாப்பாட்ட சாப்பிடுறாங்க, ஸ்டேஷன் ஆளு பூட்டப் போறோம்னு சொல்றாரு. வெளில பனில ஒரு செர்ரி மரத்துக்குக் கீழ முத்தம். ராத்திரி முழுக்க வயலோரம் ஒரு கொட்டகைல பேசிட்டே தூங்கிப் போறாங்க.

விவாதம் பண்றவங்க நிறைய பேர் தாண்டிப் போற எடம் இங்க தான் இருக்கு. முத்தம் குடுத்த அடுத்த நொடி தக்காகி குரல் கேக்குது, தாங்க முடியாத சோகம் வந்துச்சுன்னு சொல்றான், அவளோட அந்த வெதுவெதுப்ப எப்படி வச்சுக்குறது, எங்க கொண்டு போறதுன்னு தெரியல, இனிமே நாங்க எப்பவும் சேந்தே இருக்க முடியாதுன்னு எனக்கு தெளிவா தெரிஞ்சுதுங்கறான். சின்னப் பையன், முதல் முத்தம், அப்பவே முடிவு தெரிஞ்சு போச்சு. அப்ப கடைசில சேருவாங்களா மாட்டாங்களாங்கறது இந்தப் படத்துல கேள்வியே கிடையாது, முதல் பாகத்துலயே அவன் வாயாலயே சொல்லிட்டான். காலைல ரயில் கதவு மூடப் போறப்ப அக்காரி சொல்றதும் அப்படித்தான், நீ இனிமே நல்லா இருப்ப, கண்டிப்பான்னு சொல்றா. இது வாழ்த்தா, வழியனுப்புறதா? எனக்கு ரெண்டும் தான். அவ கையிலயும் ஒரு லெட்டர் இருக்கு, அத குடுக்கல. இவன் லெட்டர் தொலஞ்சத சொல்லல. எழுதுனது ரெண்டு பேரும், படிச்சது யாரும் இல்ல.

அந்த லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு படம் காட்டாது. இது முதல் வகை, வேணும்னே விட்டது, அருமையா விட்டது. காட்டியிருந்தா நம்ம மொத்தக் கவனமும் வார்த்தைக்கு போயிருக்கும்.

ரெண்டாவது பாகத்த பத்தி தான் நான் ரொம்ப பேசணும், ஏன்னா இத பொறுமையா பாக்காதவங்களுக்கு கிளைமாக்ஸ் புரியாதுன்னு அடிச்சு சொல்வேன். நிறைய பேர் இத நடுவுல வந்த கிளைக்கதைங்கற மாதிரி பேசுறாங்க, கனாயேன்னு ஒரு பொண்ணு வந்தா, ஒருதலக் காதல், போயிட்டா, மறுபடி மெயின் கதைக்கு வருவோம்னு. இல்லவே இல்லங்க. தக்காகிய வெளில இருந்து பாக்குற ஒரே பாகம் இது தான். இடம் ககோஷிமாவச் சேந்த தனேகஷிமா தீவு, ஜப்பான் ராக்கெட் விடுற ஊரு. தக்காகி இப்ப ஹைஸ்கூல் கடைசி வருஷம், வில்வித்தை கிளப்ல இருக்கான், எல்லார்கிட்டயும் நல்லா பேசுவான், கனாயேகிட்ட ரொம்ப அன்பா இருப்பான். அவளும் அவன் இங்க வந்து சேந்ததுல இருந்து அவனத்தான் பாத்துட்டு இருக்கா. அடிக்கடி போன்ல எதோ டைப் பண்றான், எனக்கு அனுப்புற மெசேஜா இருந்தா நல்லாருக்கும்னு நெனைக்கிறா.

அது யாருக்கும் போற மெசேஜ் இல்ல. அட்ரஸே இல்லாம டைப் பண்றான், அழிக்கிறான், இந்தப் பழக்கம் எப்ப வந்துச்சுன்னு அவனுக்கே தெரியல. தக்காகி இத்தன வருஷமா அக்காரிய காதலிச்சுட்டே இருந்தான்னு சொல்ற கோஷ்டிக்கு என் பதில் இந்த சீன் தான். அக்காரிக்குன்னா அக்காரி பேர் போட்டு எழுதியிருப்பான், அட்ரஸ் ஒரு காலத்துல தெரிஞ்சது தான். அவன் கையில மிச்சம் இருக்குறது எழுதுற பழக்கம் மட்டும் தான், யாருக்குங்கறது எப்பவோ கழண்டு போச்சு. மூணாவது பாகத்துல அவனே இன்னும் தெளிவா சொல்றான், ஏதோ எட்டாத ஒண்ண தொடணும்னு வருஷக்கணக்கா ஓடுனேன், அது என்னன்னும் தெரியல, அந்த எண்ணம் எங்க இருந்து வந்துச்சுன்னும் தெரியலன்னு. ஒரு பொண்ணுக்காக ஏங்குறவன் பேசுற பேச்சு இல்ல இது.

அந்தப் பாகத்துல ராக்கெட் போற சீன் ஒண்ணு இருக்கு, வானத்துல போறது இல்ல, ரோட்டுல போறது. ராத்திரி நேரம், பெரிய வண்டில ராக்கெட்ட ஏத்தி மெதுவா இழுத்துட்டு போறாங்க, இவங்க ரெண்டு பேரும் ஓரமா நின்னு பாக்குறாங்க. கனாயே சும்மா சொல்றா, மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் வேகமாம்னு. தக்காகி டக்குனு திரும்பிப் பாக்குறான். ஏன்னா படம் ஆரம்பிக்குறதே அக்காரி அவன்கிட்ட செர்ரி இதழ் விழற வேகம் நொடிக்கு அஞ்சு சென்டிமீட்டராம்னு சொல்றதுல தான். கனாயேவுக்கு அது தெரியாது, நான் சொன்னதுக்கு ஏன் இவன் மூஞ்சி மாறுதுன்னு பாக்குறா. வாய் விட்டு ஒரு வார்த்த சொல்லாம ரெண்டு பொண்ணுங்களையும் ஒரே எடத்துல கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. கணக்கு போட்டுப் பாத்தா நொடிக்கு 5 சென்டிமீட்டர்னா மணிக்கு 180 மீட்டர் தான் ஆகுது. அந்த ராக்கெட் வண்டியே அதோட கிட்டத்தட்ட 28 மடங்கு வேகம். அவன் மனசு இன்னும் அந்த 180 மீட்டர் வேகத்துல தான் இருக்கு.

கனாயே கடல்ல சர்ஃபிங் போர்டு மேல ஏறி நிக்க மாசக்கணக்கா முயற்சி பண்ணிட்டு இருப்பா, கடைசில நிக்கிறா, அன்னிக்கே சொல்லிடணும்னு முடிவு பண்றா. ஸ்கூட்டர் மக்கர் பண்ணுது, அவனும் கூட நடந்தே வர்றான், அவ அழ ஆரம்பிக்கிறா, இப்படி அன்பா நடந்துக்காதேன்னு மனசுக்குள்ள கத்துறா, சரியா அப்ப ராக்கெட் கிளம்புது, வானம் ரெண்டா பிளக்குது. புகையோட ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் சாயங்கால வெளிச்சம். அந்தப் புகைக் கோட்ட பாக்குறப்பவே அவளுக்கு புரிஞ்சிடுது, இவன் பார்வ நம்ம தாண்டி ரொம்ப தூரத்துல எங்கயோ இருக்கு, நம்ம கேட்டா கிடைக்காதுன்னு. சொல்லாமலே திரும்பிடுறா. படத்துல யார் முதிர்ச்சியான ஆள்னு கேட்டா கனாயே தான், அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. ராக்கெட்டுக்கு தக்காகி சொல்ற வர்ணனையும் கவனிங்க, ஒரு ஹைட்ரஜன் அணுவக் கூட சந்திக்காம இருட்டுல தனியா போற பயணம்னு சொல்வான். அவன் அவனப் பத்தியே பேசிட்டு இருக்கான்.

இப்ப மூணாவது பாகம். சண்டையெல்லாம் இங்க தான், என்னோட குறையும் இங்க தான்.

தக்காகி டோக்கியோல சாஃப்ட்வேர் வேல பாக்குறான், வேலைய விடுறான். மூணு வருஷமா பழகுன மிசுனோங்கற பொண்ணு மெசேஜ் அனுப்புறா, ஆயிரம் மெசேஜ் அனுப்பிக்கிட்டோம், மனசளவுல ஒரு சென்டிமீட்டர் தான் கிட்ட வந்திருப்போம்னு. எவ்ளோ பெரிய வரி அது! ஆனா அந்த வரிய சொல்ற பொண்ணு யாருன்னு நமக்கு தெரியாது. என்ன வேல, எப்படி சிரிப்பா, இவன்கிட்ட என்ன எதிர்பாத்தா, ஒண்ணும் இல்ல. கனாயேவுக்கு ஒரு முழு பாகம் குடுத்த படம் மிசுனோவுக்கு ஒரு மெசேஜ் தான் குடுத்துச்சு. இத மர்மம்னு நான் ஒத்துக்க மாட்டேன், இது விட்டுப் போனது. அக்காரியும் பெரியவளானப்புறம் அதே கதி தான், கையில மோதிரம், கல்யாணம் நெருங்குது, பழைய பெட்டில அந்தக் குடுக்காத லெட்டர் கிடைக்குது, அப்பா அம்மா ஸ்டேஷன்ல வழியனுப்புறாங்க, அதோட பாட்டு ஆரம்பிச்சிடுது. அக்காரி மறந்துட்டா, ஏமாத்திட்டான்னு திட்டுறவங்க இருக்காங்கல்ல, அவங்க அப்படிப் பேசுறதுக்கு படமும் ஒரு காரணம் தான், அவ பக்கத்த பேச விடவே இல்ல. ஆனா திட்டுறது நியாயம் இல்ல. பதிமூணு வயசுல பனில ஒருத்தன பாத்தோங்கறதுக்காக ஒரு பொண்ணு வாழ்க்க முழுக்க காத்திருக்கணுமா? அவ லெட்டர தூக்கிப் போடல, சிரிச்சுட்டு பத்திரமா வச்சுக்குறா, அவ வாழ்க்கைய வாழ்றா.

பாட்டு நடுவுல ரெண்டு பேரும் லெட்டர் பாக்ஸ திறந்து பாக்குற ஷாட் வரும், ரெண்டு பேருக்கும் காலி. யாரு எழுதுறத நிறுத்துனது? படம் சொல்லாது. இது மறுபடி முதல் வகை. யாரோ ஒருத்தர்னு காட்டியிருந்தா பழி போட ஒரு ஆள் கிடைச்சிருக்கும், நமக்கு வசதியா இருந்திருக்கும். நெஜத்துல தூரம் போன நட்பு எதுவும் ஒரு நாள்ல முடியாது, யாரு முதல்ல விட்டாங்கன்னு ரெண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது.

சரி, கிராசிங் பொண்ணு யாரு? அக்காரின்னு சொல்றவங்க பக்கம் ஆதாரம் இருக்கு. அவ டோக்கியோவுக்கு வர்றான்னு முன்னாடியே காட்டியாச்சு. இவனும் இப்ப திரும்புனா அவளும் திரும்புவான்னு உறுதியா தோணுச்சுன்னு சொல்றான். படத்தோட ஆரம்பத்துல சின்ன அக்காரி கேட் மூடுறதுக்குள்ள ஓடிப் போய் அந்தப் பக்கம் நின்னு, அடுத்த வருஷமும் சேந்து செர்ரி பாக்கணும்னு சொன்னதும் கிராசிங்ல தான். எதிர்ப்பக்கம், வெறும் ஒரு பொண்ணு, ஏக்கத்துல இவனுக்கு அப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றாங்க. என்னக் கேட்டா முதல் பக்கம் தான் பலமா இருக்கு, ஆனா எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணும் மாறாது. அவ அக்காரின்னா, நிக்காம போயிட்டா, சரிதான். வேற யாரோன்னா, யாரோ ஒருத்தர பாத்து திரும்புற அளவுக்கு இவன் இன்னும் அங்கயே இருந்திருக்கான், இப்ப அதுவும் முடிஞ்சுது. ரெண்டுலயும் அவன் சிரிக்கிறான், ரெண்டுலயும் நடக்குறான், நின்னு காத்திருக்கல. ரயில் போனதும் அந்தப் பக்கம் ஓடிப் போய் தேடல. கடைசில உடஞ்சு போயிட்டான்னு சொல்றவங்க அந்த ஃப்ரேம இன்னொரு தடவ நிறுத்திப் பாக்கணும், உடஞ்சவன் மூஞ்சி அது இல்ல. ஷின்காயே எழுதுன நாவல்ல இது நேராவே வரும், இந்த ரயில் போனதும் முன்னாடி போகணும்னு அவன் மனசுல முடிவு பண்ணிக்கிறான். அந்த வரி படத்துல இல்ல. இல்லாதது நல்லது தான், சிரிப்பே போதும்.

2016-ல வந்த யுவர் நேம் பாத்துட்டு இதுக்கு வர்றவங்க தான் ரொம்ப கோவப்படுறாங்க, அதே டைரக்டர், அங்கயும் டோக்கியோ, ரயிலு, ஒருத்தர ஒருத்தர் தாண்டிப் போறது எல்லாம் இருக்கு, ஆனா அங்க கடைசில படிக்கட்டுல திரும்பிப் பேசிடுறாங்க. அந்த எதிர்பார்ப்போட இத பாக்காதீங்க, வரிசைய மாத்தி இத முதல்ல பாத்துட்டு அதுக்குப் போங்க.

படம் பாக்க எப்படின்னா, வார்த்தையே வேணாம், பாத்தாலே தெரியும். செல்போன் டவர், கடை டியூப்லைட், ரயில் ஜன்னல்ல படியுற ஆவி, எல்லாத்தையும் கூர்ந்து பாத்து வரஞ்சிருக்காங்க. ஆனா ஆளுங்க மூஞ்சி மட்டும் அந்த அளவுக்கு இல்ல, பின்னணிக்கு செலவழிச்ச உழைப்பு முகபாவனைல கம்மியா தெரியும், குறிப்பா முதல் பாகத்துல. இசையமைப்பாளர் தென்மோனோட பியானோ பிஜிஎம் ரொம்ப மென்மையா போகும். கடைசில வர்ற யமசாகி மசயோஷி பாட்டு படத்துக்கு பத்து வருஷம் முன்னாடியே, 1997-லயே வந்த பாட்டு, அத வச்சு பல வருஷத்த சில நிமிஷத்துல ஓட்டிடுறாங்க. பாட்டு அவ்ளோ நல்லா இருக்குறதால தான் மூணாவது பாகத்துல விட்டுப் போனது உடனே உறைக்க மாட்டேங்குது, ரெண்டாவது தடவ பாக்குறப்ப தான் தெரியும்.

டப்பிங் வேணாம், ஜப்பானீஸ்லயே சப்டைட்டில் போட்டு பாருங்க, தக்காகிக்கு கென்ஜி மிசுஹாஷி குரல் குடுத்திருக்காரு, ஒரு எடத்துலயும் சத்தம் போட மாட்டாரு, அந்த அடங்குன குரல்ல தான் பாதி அர்த்தம் இருக்கு. படம் பாத்துட்டு மனசு கேக்கலன்னா யுகிகோ செய்கே வரஞ்ச மாங்கா இருக்கு, படத்துல ஒரே மெசேஜோட போன மிசுனோவுக்கு அதுல உருவம் கிடைக்கும், பெரியவளான கனாயேவையும் பாக்கலாம். 2025-ல ஜப்பான்ல லைவ் ஆக்‌ஷனாவும் வந்துச்சு. என் சிபாரிசு, முதல்ல படம், ஒரு வாரம் விட்டு மறுபடி ரெண்டாவது பாகம் மட்டும், அப்புறம் மாங்கா. மூணும் முடிச்சுட்டு கிராசிங் பொண்ணு யாருன்னு என்கிட்ட சண்டைக்கு வாங்க, கனாயே பக்கம் நின்னு பேசுறவங்களா இருந்தா இன்னும் சந்தோஷம்.